மலையைப் பார்த்து நிற்கும் சலூன்காரர்

மலைமேல் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்தில் அலைவரிசையை மாற்றிய அன்று காலை, கடைத்தெரு சலூன்காரர் இடது தோளிலிருந்து இடுப்பு வரை சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்துபோனார். வலி இல்லை, ரத்தமும் இல்லை. சட்டையின் நீலமும் கழுத்தின் மாநிறமும் கட்டம் கட்டமாகக் கலைந்து, கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்து, பிறகு பழையபடி சேர்ந்துகொண்டன. நாற்காலியில் இருந்தவர் இதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "அதையேன் கேக்கறீங்க, நேத்து எங்க வீட்டுல" என்று ஆரம்பித்த சலூன்காரர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். கத்தரி அந்தரத்தில் நின்றது. சீப்பிலிருந்து உதிர வேண்டிய முடிகூட உதிரவில்லை. அப்புறம் சட்டென்று, "அதோட அந்தப் பூனையை நாங்க பாக்கவே இல்ல" என்று கதையை முடித்தார். நடுவில் என்ன நடந்தது என்பது போயே போய்விட்டது. ஆனால் வந்தவரின் பின்னந்தலையில் முடி மட்டும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது.

தெருவில் இதற்காக யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. சலூன்காரர் எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான். கடை திறந்த காலத்திலிருந்து கண்ணாடிக்கு மேலே ஒரு டிவி இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது போட்டால், இறக்கும்போதுதான் அணைப்பார். அதன் எதிரே நின்று நின்று அந்த அலை அவர் உடம்பில் ஊறிவிட்டது என்பார்கள். பழைய ஆன்டெனா நாட்களில் மழை பிடித்தால் அவர் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பொரியும். அவருக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, இன்னொரு சலூன்காரர் வெளிறிப்போய் நின்று அதே வேலையைச் செய்வார். "ரெண்டு பேரா வெட்டறீங்க, சட்டுனு முடிங்க" என்று வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். டிஜிட்டல் வந்த அன்று அந்த நிழல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. சலூன்காரர் பளிச்சென்று ஆனார், புருவத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு. அவர் மனைவிக்குத்தான் சில நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. சாயங்காலம் அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய பிறகு, அந்த நிழல் ஒருமுறை வந்து செருப்பைக் கழற்றும். அதற்கும் சேர்த்தே அவள் தண்ணீர் எடுத்து வைத்துப் பழகியிருந்தாள்.

டிஜிட்டலில் அரைகுறை என்பது கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். பல வருடம் முழுசாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு மொபைல் போன்காரர்களுக்கு இடம் போதவில்லை என்று டிவியின் பழைய அலைவரிசைகளை அவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மலைக் கோபுரம் தன் சேனல்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கீழ் அலைவரிசைக்குக் குடிபோக வேண்டியதாயிற்று. வட்டாரம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ரிமோட்டை எடுத்து, சேனல்களைப் புதிதாகத் தேட வேண்டும். தெரியாதவர்களுக்கு உதவ மலையடிவார அலுவலகத்தில் ஒரு தொலைபேசி வைத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல வேலைக்குச் சேர்ந்தவள் சலூன்காரரின் மனைவிதான்.

அவளுக்கு ஒரு மேசை, ஒரு ஹெட்போன், கோபுரத்தின் கால் மட்டும் தெரிகிற ஒரு ஜன்னல். மணி அடித்ததும் எடுக்கமாட்டாள். ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடி, 'ஆண்டவனே, இவங்களுக்குப் படம் கிடைக்கணும்' என்று வேண்டிக்கொண்டுதான் எடுப்பாள். பொறுப்பிலிருந்த இன்ஜினியர் அம்மாவுக்கு இது தெரியும். "ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் பேசினா மத்தவங்க என்ன ஆகறது?" என்று அவர் கடிந்துகொள்வார். கேட்டுக்கொள்வாள், ஆனால் அடுத்த அழைப்பும் நீளும். டிவி வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்கு டிவி மட்டுமா வரவில்லை? மகன் வருவதில்லை, தூக்கம் வருவதில்லை. அதையும் கேட்டுவிட்டுத்தான் அவளால் மெனுவுக்குப் போகச் சொல்ல முடியும்.

முடி வெட்டும்போது உறைந்தால் பரவாயில்லை, வளர்ந்துவிடும். மீசை அப்படியில்லை. மரக்கடை முதலாளியின் மீசை அந்தத் தெருவுக்கே ஓர் அடையாளம். விலாசம் சொல்வதென்றால்கூட மீசைக்காரர் கடைக்கு எதிரே என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் அதன் வலது பக்கத்து நுனியில் ஒரே ஒரு முடியை எடுக்கக் கத்தியைக் கொண்டுபோன சலூன்காரர் அப்படியே நின்றார். தோள் சதுரமாயிற்று, கன்னம் சதுரமாயிற்று. திரும்பி வந்தபோது, "ஆக மொத்தம் பொண்ணு வீட்டுக்காரங்க நல்லவங்க" என்று சொன்னார். மீசைக்காரரின் வலது பாதி மீசை அவர் மடியில் கிடந்தது. மீசைக்காரர் எழுந்தார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாளிலிருந்து மரக்கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். சலூன் பக்கம் ஒருவரும் வரவில்லை.

அதிலொன்றும் தப்பு சொல்வதற்கில்லை. அடுத்த நொடி எங்கே இருப்பான் என்று தெரியாதவன் கையில் கத்தி இருக்கும்போது, கழுத்தை நீட்டுவதற்கு யாருக்குத்தான் மனசு வரும்? சலூன்காரருக்கு அந்தக் கடையைத் தவிர வேறு வேலை தெரியாது. அதைவிட, பேசாமல் இருக்கத் தெரியாது. காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டு, டிவியிடம் பாதி வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையை மூடிவிடலாமா என்று ஒருநாள் மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார். 'மூடி' என்பதோடு நின்றுவிட்டது. மீதியைக் கேட்காமலேயே அவள், "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

தொலைபேசியில் ஊருக்குச் சொல்கிற வைத்தியத்தை முதலில் அவருக்கும் செய்து பார்த்தாள். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுவது என்கிற முறைப்படி, மத்தியானத்தில் ஜன்னலைச் சாத்திப் படுக்க வைத்து எழுப்பினாள். எழுந்தவர் தெம்பாக ஒரு கொட்டாவி விட்டார், அதுவும் பாதியில் உடைந்தது. அப்புறம் அவள் தம்பி வந்தான். அவன் வீடு வீடாக ஆன்டெனா மாட்டுகிறவன், மாடி ஏறாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வந்ததும் மாமாவைச் சுற்றி வந்து, தோளைத் தட்டிப் பார்த்தான்.

"மாப்ள, என்ன நீ? நான் என்ன டிவியா?"

"டிவியா இருந்தா வாரண்டி இருக்கும் மாமா. நீங்க அதுவும் இல்ல."

சிக்னல் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லி, ஒரு சின்ன பூஸ்டரை அவருடைய சட்டைப்பையில் வைத்து, ஒயரைக் காலருக்குள் விட்டான். சதுரமாக உடைவது நின்றது உண்மை. ஆனால் சிக்னல் அளவுக்கு மீறிவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கத்து வட்டாரக் கோபுரமும் அவருக்குள் வர ஆரம்பித்தது. அன்று காலை முழுவதும் சலூன்காரர் ஒரு பெண்குரலில், அங்கே வெங்காய விலை இறங்கியிருப்பதையும், ஒரு பழுப்பு நிறப் பசு காணாமல் போயிருப்பதையும், மாலையில் காற்று மேற்கிலிருந்து வீசும் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். வெங்காய வியாபாரி ஒருவர் மட்டும் வாசலில் நின்று ஊன்றிக் கேட்டுவிட்டுப் போனார். மனைவி சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒயரைப் பிடுங்கினாள். "எனக்கு இவரோட குரலே போதும், பாதியா வந்தாலும் சரி" என்றாள். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் அவள் தொலைபேசியில் ஒரு குரல் கத்தியது.

"டிவி செத்துப்போச்சு. உங்க கோபுரத்தைக் கழட்டி ஆத்துல போடுங்க!"

கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதி மீசையோடு வெளியே வர முடியாமல் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் மனிதர். அவருக்குத் துணையாக இருந்தது ஒரு டிவி. அதுவும் இப்போது இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு யாரையாவது பேசச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆத்துல போட்டுடலாங்க. அதுக்கு முன்னாடி ரிமோட்டைக் கையில எடுங்க. மெனுன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க."

"எது, சிவப்பா?"

"சிவப்பு வேண்டாங்க, அது அணைக்கிறது."

"அமுக்கிட்டேன்."

"பரவாயில்ல, திரும்ப அமுக்குங்க. வந்துடும்."

இப்படியே போயிற்று. பழைய சேனல்களை அழித்தார்கள், புதிதாகத் தேடவிட்டார்கள். ஒன்றும் சிக்கவில்லை. நடுவில் அவர் இரண்டு தடவை ரிமோட்டைத் தூக்கி எறிந்தார், அவள் இரண்டு தடவையும் பொறுமையாகத் தேடி எடுக்கச் சொன்னாள். ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பால்கனிக் கம்பியில், அது பாட்டுக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டு இருக்கிறதாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு போய், அதை மெதுவாகத் திருப்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் குரல் மாறியது.

"அம்மா, இது வேடிக்கையா இருக்கே. நான் இதை மலையைப் பாத்துத் திருப்பிப் பிடிச்சா உள்ள பாட்டு கேக்குது. கொஞ்சம் அந்தண்ட திருப்பினா அப்படியே நிக்குது. முன்னெல்லாம் எப்படி வெச்சாலும் வந்துச்சே?"

"இப்ப வர்றது புது அலைங்க. முகத்துக்கு நேரா பாத்தாத்தான் கிடைக்கும். ஒரு கயிறு எடுத்து அப்படியே கட்டிடுங்க."

கட்டினார். உள்ளே போய் உட்கார்ந்தார். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். வைத்துவிடுவார் என்று பார்த்தாள், வைக்கவில்லை. "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? நான் இவ்வளவு கத்தியும் ஒரு சொல்லு கடுமையா வரலயே?" என்று கேட்டார். ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்குப் பொய் வராது.

"சலூன்காரர் வீட்டுக்காரிங்க நான்."

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைந்தது. பிறகு மீசைக்காரர், "அவர் எடுத்தது வலது பக்கம். இடது பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அது கோபமா கேலியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் வேறொன்று பிடிபட்டிருந்தது. சலூனில் கண்ணாடி பின்சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்து நிற்கும் அவள் கணவரின் முதுகுதான் எப்போதும் மலைப்பக்கம் இருக்கிறது.

இன்ஜினியர் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பழைய அலை கண்ணாடியில் பட்டுத் தெறித்து அவர் முகத்தில் விழுந்திருக்கும், புதியதற்கு அந்தப் பழக்கம் இல்லை என்றார். "அவருக்காகக் கோபுரத்தைத் திருப்ப முடியாதும்மா. நீ இன்னிக்கு சீக்கிரம் கிளம்பு" என்று மட்டும் சொன்னார்.

துணி காயப்போடுகிற மொட்டைமாடியில் சோதனை நடந்தது. தம்பி சிக்னல் பார்க்கிற கருவியை மாமாவின் மார்புக்கு நேரே பிடித்தான். மனைவி ஒரு ஈரப் போர்வையின் மறுமுனையை அவர் கையில் கொடுத்து, மலையைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"எப்பவும் பேசறதைத்தான். கல்யாணம் ஆனதுலேருந்து நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னிக்கு நானே கேக்கறேன், பேசுங்க."

சலூன்காரர் பேசினார். தன் முதல் வாடிக்கையாளர் பாதி வெட்டும்போதே ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போன கதையைச் சொன்னார். ஓடினார், ஏறினார், இறங்கினார், மீதியை வேறு ஊரில் வெட்டிக்கொண்டார் என்று ஒரு சொல் குறையாமல் சொல்லி முடித்தார். அவள் அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அன்றுதான் கண்ணீர் வந்தது. "மாமா, கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க, இன்னும், இன்னும்... ஐயோ போயிட்டீங்க, திரும்பி வாங்க!" என்று தம்பி கத்தினான். அவரைப் பிடித்து மறுபடி மலைப்பக்கம் திருப்பியதும் காது முதலில் சேர்ந்தது, பிறகு மற்றதெல்லாம் சேர்ந்தது.

மறுநாள் சலூன் நாற்காலியின் திருகுகளைக் கழற்றி, வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். சலூன்காரர் தெருவையும் மலையையும் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. இதுவரை உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி அவர் நடந்தார். இனி உட்கார்ந்திருப்பவர் சுற்ற வேண்டும். பின்னந்தலை என்றால் நாற்காலி தெருப்பக்கம் திரும்பும், முகம் என்றால் அவரைப் பார்த்துத் திரும்பும், காது என்றால் பக்கவாட்டில் நிற்கும். மனைவியின் தம்பியை உட்கார வைத்துப் பழகினார். "மாமா, மெதுவா! முடி வெட்டறீங்களா, மாவு ஆட்டறீங்களா?" என்று அவன் அலறியதில் தெருவே கூடிவிட்டது. சிரித்தார்கள், வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் படியேறவில்லை. தெருப்பக்கம் திரும்பினால் கண்ணாடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, உள்பக்கம் திரும்பினால் சலூன்காரரே அதை மறைத்துக்கொண்டு நின்றார். உறைந்து போகிறவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம், அவர் என்ன செய்கிறார் என்றுகூடப் பார்க்காமல் தலையைக் கொடுப்பதா? மனைவி அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், துண்டை எடுத்தார். இடது பக்கம் பழைய கம்பீரம், வலது பக்கம் பிரஷ் மாதிரி ஒரு முளைப்பு. தெரு சிரிக்கவில்லை.

"வலது வளர்றவரைக்கும் காத்திருக்க முடியாது. இடதை அதோட அளவுக்குக் கொண்டு வா" என்றார் மீசைக்காரர்.

சலூன்காரர் மலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு கத்தியை எடுத்தார். விரல் ஒன்றும் உடையவில்லை. "முதலாளி, கண்ணாடி எனக்குப் பின்னாடி இருக்கு. நீங்க இப்படித்தான் உக்காரணும்" என்றார்.

"அப்ப நீ என்ன பண்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே ஒரு கைக்கண்ணாடி இருந்தது, ஆனால் அதையும் பிடித்துக்கொண்டு சலூன்காரரால் மழிக்க முடியாது. மீசைக்காரர் தலையைத் திருப்பித் தெருவின் எதிர்ப் பக்கம் பார்த்தார். அங்கே வங்கி வாசலில் காவலாளி கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், சும்மாதானே நிக்கறே? உள்ள போய் அந்தக் கைக்கண்ணாடியை எடுத்துட்டு வந்து பிடி."

காவலாளி வங்கியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். சலூன்காரருக்குப் பக்கத்தில் நின்று, மீசைக்காரருக்குத் தெரியும்படி கண்ணாடியை உயர்த்திப் பிடித்தார். "கொஞ்சம் கீழ பிடிங்கண்ணே, மாமாவுக்கு மலை மறைக்குது" என்றான் தம்பி. அவர் இறக்கிப் பிடித்தார். கத்தி இறங்கியது. மீசைக்காரர் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், பிறகு கண்களை மூடிக்கொண்டார். கடை முழுக்கச் சவரக் கத்தியின் சின்னச் சத்தம் மட்டும். பிறகு சலூன்காரர், தன்னையறியாமல், "இப்படித்தான் முதலாளி, ஒருத்தர் ரயிலுக்கு நேரமாச்சுன்னு" என்று ஆரம்பித்தார். ஸ்டூலில் இருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ரயில் புறப்பட்டது, வேறு ஊருக்குப் போனது, கதை முடிந்தது. மீசையும் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு, பென்சில் கோடு மாதிரி. "பத்து வயசு குறைஞ்சுட்டீங்க" என்றார் காவலாளி. "குறைஞ்சா என் சம்சாரம் பயந்துடுவா" என்றார் மீசைக்காரர். போகும்போது, ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்து, "படம் நல்லா தெரியுதும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குள் படியில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் அது ஒரு முறையாகிவிட்டது. அடுத்து வெட்டிக்கொள்ள இருப்பவர், இப்போது வெட்டிக்கொள்கிறவருக்குக் கண்ணாடி பிடிப்பார். அவர் உட்கார்ந்தால் அவருக்கு அடுத்தவர். முதலாளியும் கூலிக்காரரும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியும் ஒருவருக்கொருவர் பிடித்தார்கள். அப்படிப் பிடித்ததில் சிலருக்குப் பேச்சு வந்தது. ஆண்டவன் பெரிய அற்புதங்களை எப்போதாவதுதான் செய்கிறான். மற்ற நாட்களில் கண்ணாடி பிடிக்க யாரையாவது அனுப்பிவைக்கிறான். உதவித் தொலைபேசி ஒருநாள் மூடப்பட்டது, ஊரில் எல்லோருக்கும் படம் கிடைத்துவிட்டது என்று. அப்படியும் சிலர் அவள் வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, டிவி நன்றாகத் தெரிகிறது என்று சொல்லவே கூப்பிட்டார்கள்.

இப்போதும் கோபுரத்தில் வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை பராமரிப்பு வேலை நடக்கும். ஒளிபரப்பு நிற்கும். முன்கூட்டியே சொல்ல மறந்துவிடுவார்கள். அப்போது சலூன்காரர் சதுரம் சதுரமாக உடைந்து, கத்தி கையில் இருக்க, வாய் திறந்தபடி நிற்பார். வெளியூர்க்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் பதறி எழப் பார்ப்பார். "உக்காருங்க சார், மேல ஏதோ வேலை நடக்குது, வந்துடுவார்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். கண்ணாடி பிடித்திருப்பவர் அதை உட்கார்ந்திருப்பவரின் மடியில் வைத்துவிட்டு, சலூன்காரரின் விரல்களிலிருந்து கத்தியை மெதுவாக விடுவித்துத் தட்டில் வைப்பார். வெயில் அவர் முகத்தில் விழுந்தால் யாராவது திரையை இழுத்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் கன்னத்தில் நுரை காயாமல் இருக்க இன்னொருவர் பிரஷ்ஷை நனைத்துக் கொடுப்பார். தோளில் சதுரங்கள் ஒன்றுசேர ஆரம்பித்ததும் கத்தியைத் துடைத்து, அதே விரல்களுக்கிடையில் திரும்ப வைத்துவிடுவார்கள். சலூன்காரர் கதையின் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிப்பார். நடுவில் கேட்காமல் போன பகுதிக்கும் சேர்த்து எல்லோரும் சிரிப்பார்கள்.